காற்று முன்னறிவிப்பைப் படிப்பது எப்படி? வேகம், திடீர் வீச்சு, திசை பற்றிய முழுமையான வழிகாட்டி

மழை முன்னறிவிப்பு பொய்த்தால் பெரும்பாலும் நனைவதோடு போய்விடும். காற்றைத் தவறாகக் கணித்தால் படகு கரை திரும்பாது, ஏணி சாயும், பந்தல் பறக்கும், எதிர்க்காற்றில் திரும்பிவர மின்கலம் போதாமல் ட்ரோன் எங்கோ விழும். ஆனாலும் நம்மில் பலர் கைபேசியில் ‘காற்று 18 கி.மீ.’ என்ற ஒற்றை எண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். பல சதுர கிலோமீட்டர் பரப்புக்கு, தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்குக் கணக்கிட்ட ஒரு சராசரிதான் அந்த 18. அதை வைத்துக்கொண்டு, நீங்கள் நிற்கும் இடத்தில் என்ன வீசும் என்ற கேள்விக்கு எப்படி வந்து சேர்வது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: முதலில் வரம்பு, பிறகு முன்னறிவிப்பு

எவ்வளவு காற்று வந்தால் வேலையை நிறுத்துவீர்கள் என்பதை முன்னறிவிப்பைத் திறப்பதற்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள். எண்ணைப் பார்த்த பிறகு வரம்பு வைத்தால், போயே ஆக வேண்டும் என்ற ஆசை அந்த வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திவிடும்.

கருவி சார்ந்த வேலை என்றால் தயாரிப்பாளரின் குறிப்பேட்டிலேயே வரம்பு இருக்கும். சிறிய ட்ரோன்கள் பலவற்றுக்கு நொடிக்கு 10.7 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். மணிக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர். அது கருவி தாங்கக்கூடிய எல்லை. நிதானமாகப் பறக்கவிட, அதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. கிரேன், சாரம், பெரிய கூடாரம் ஆகியவற்றுக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு. அங்கே ஊகத்துக்கு இடமே இல்லை, எழுதியிருப்பதுதான் சட்டம்.

உங்கள் வரம்பில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: சராசரி வேகம், திடீர் வீச்சு, திசை. மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். துடுப்புப் படகில் போகிறவரைக் கரையை நோக்கித் தள்ளும் 20 கி.மீ. காற்று அலைக்கழிக்கும், ஆனால் கரை சேர்த்துவிடும். அதே 20 கி.மீ. கரையிலிருந்து கடலுக்குள் வீசினால் உயிருக்கே ஆபத்து. அதிலும் கரையோரம் மரங்களின் மறைவில் தண்ணீர் கண்ணாடிபோல் அமைதியாகத் தெரியும். சில நூறு மீட்டர் போன பிறகுதான் காற்றின் முழு வேகமும் பிடிக்கும்.

சில வேலைகளுக்குக் கீழ் வரம்பும் வேண்டும். பயிருக்கு மருந்து தெளிக்க மணிக்கு 5 முதல் 15 கி.மீ. வரையிலான, ஒரே திசையில் வீசும் காற்று ஏற்றது என்பது பரவலான வழிகாட்டுதல். இலை அசையாத விடியற்காலைதான் சிறந்தது என்று தோன்றும். ஆனால் அப்போது தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெப்பமான காற்றும் அடுக்காக நிற்கும். நுண்துளிகள் கீழே படியாமல் அந்த அடுக்குக்குள் மிதந்து அடுத்த வயலுக்குப் போய்விடும்.

படி 2: அலகையும் நேரத்தையும் சரிபாருங்கள்

நொடிக்கு 1 மீட்டர் என்பது மணிக்கு 3.6 கி.மீ.; கடலிலும் விமானத் துறையிலும் வழங்கும் அலகான 1 நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. மனக்கணக்குக்கு, மீட்டர் அளவை இரட்டித்தால் ஏறத்தாழ நாட் கிடைக்கும். நாட் அளவை இரட்டித்துப் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் கி.மீ. கிடைக்கும்: 20 நாட், 40, அதில் 4 போக 36. சரியான விடை 37. களத்தில் இந்தத் துல்லியம் தாராளமாகப் போதும்.

நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறதா, உங்கள் கடிகார நேரத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டையும் மாற்றிக்கொண்டால், நண்பகல் காற்றை விடியற்காலைக் காற்று என்று நினைத்துவிட நேரும்.

படி 3: சராசரி வேகம் எதன் சராசரி?

உலக வானிலை அமைப்பின் முறைப்படி, திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் 10 நிமிடங்களுக்கு எடுத்த சராசரியே காற்று வேகம். புயல்களுக்கு மட்டும் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும்: இந்திய வானிலை ஆய்வுத் துறை 3 நிமிடச் சராசரியையும் அமெரிக்கா 1 நிமிடச் சராசரியையும் எடுக்கின்றன. ஒரே புயலுக்கு இரண்டு இடங்களில் இரண்டு வேகம் படித்துக் குழம்பியிருந்தால் இதுவும் ஒரு காரணம். குறைந்த நேரத்துக்குச் சராசரி எடுத்தால் எண் கூடுதலாகவே வரும்.

10 மீட்டர் என்பது மூன்று மாடி உயரம். திறந்த புல்வெளியில்கூட ஆள் உயரத்தில் வீசும் காற்று அதில் 70 முதல் 80 சதவீதம்தான் இருக்கும். வீடுகளுக்கு நடுவே இன்னும் குறையும். மாறாக 100 மீட்டர் உயரத்தில் சமவெளியிலேயே ஏறத்தாழ 40 சதவீதம் கூடும். ட்ரோன் பறக்கவிடுகிறவரும் உயரமான கோபுரத்தில் வேலை செய்கிறவரும் தரை எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

எண்ணைக் கண்ணால் பார்க்கப் பழகுவதற்கு பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805ஆம் ஆண்டு வாக்கில் வகுத்த அளவுகோல் இன்றும் கைகொடுக்கிறது. முகத்தில் காற்று உறைத்து இலைகள் சலசலத்தால் 6 முதல் 11 கி.மீ. இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடி, லேசான கொடி விரிந்து நின்றால் 12 முதல் 19. புழுதியும் காகிதமும் கிளம்பினால் 20 முதல் 28. சிறு மரங்கள் முழுதாக அசைந்தால் 29 முதல் 38. பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்கத் திணறினால் 39 முதல் 49. எதிர்த்து நடக்கவே முடியாமல் சிறு கிளைகள் முறிந்தால் 62ஐத் தாண்டிவிட்டது. இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொண்டால் கருவி இல்லாமலே ஓரளவு அளந்துவிடலாம்.

படி 4: முடிவெடுக்க வேண்டியது திடீர் வீச்சை வைத்து

‘மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 60 கிலோமீட்டர் வேகத்திலும்’ என்று வானிலை அறிக்கைகளில் படித்திருப்பீர்கள். அந்த ‘இடையிடையே’தான் திடீர் வீச்சு. செயலிகளில் ‘கஸ்ட்’ என்ற வரியில் இருக்கும். சில விநாடிகளே நீடிக்கும். அளக்கும் முறையில் இது 3 விநாடிச் சராசரியின் உச்சம்.

பந்தலைப் பறக்கவிடுவதும் ஏணியைச் சாய்ப்பதும் இந்த மூன்று விநாடிதான். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 36 கி.மீ. காற்று, நேராக எதிர்த்து நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பைச் சுமார் 6 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 72 கி.மீ. ஆனால் 12 அல்ல, 25 கிலோ. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் தார்ப்பாயை நிறுத்திக் கட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 36 கி.மீ. சராசரியில் ஏறத்தாழ 55 கிலோ இழுக்கும். இடையில் 54 கி.மீ. வீச்சு ஒன்று வந்தால் அது 125 கிலோவுக்கு எகிறும். வடிவத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் கயிறு அறுவது எந்த எண்ணில் என்பது புரிந்திருக்கும்.

வீச்சு எங்கிருந்து வருகிறது? தரையோடு உரசும் காற்று வேகம் குறைகிறது. மேலே அந்த உரசல் இல்லாததால் வேகமாக ஓடுகிறது. வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று மேலும் கீழுமாகப் புரளத் தொடங்கும். மேலிருந்த காற்று கீழே இறங்கும்போது தன் வேகத்தையும் கூடவே கொண்டுவருகிறது. இதனால்தான் மேகமில்லாத நண்பகலில் வீச்சு அதிகம், இரவில் குறைவு. மேல்காற்றின் திசையும் சற்று வேறு என்பதால், வட அரைக்கோளத்தில் வீச்சு வரும்போது காற்று பெரும்பாலும் கடிகாரச் சுற்றில் சில பாகைகள் திரும்பும். பாய்மரம் ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இனி ஒரு வகுத்தல் செய்யுங்கள்: வீச்சைச் சராசரியால் வகுங்கள். திறந்த கடலில் இந்த விகிதம் 1.2, 1.3 என்று இருக்கும். திறந்த நிலத்தில் 1.5ஐ ஒட்டி வரும். மரங்களும் கட்டடங்களும் நிறைந்த இடத்தில் 2ஐத் தொடும். விகிதம் 1.3 உள்ள 30 கி.மீ. காற்றில் சமாளிக்க முடியும், ஏனென்றால் உடம்பும் கையும் அதற்குப் பழகிவிடும். சராசரி 15, வீச்சு 35 என்றால் ஒவ்வொரு முறையும் அது உங்களைத் தயாரில்லாத நேரத்தில் பிடிக்கும். என்னைக் கேட்டால் இரண்டாவது நாள்தான் மோசமான நாள்.

இரண்டு எச்சரிக்கைகள். வானிலையைக் கணக்கிடும் கணினி மாதிரிகள் தரும் வீச்சு எண் ஒரு மதிப்பீடு. ஒவ்வொரு மாதிரியும் ஒவ்வொரு சூத்திரத்தால் அதைக் கணக்கிடுகிறது. எனவே ஒரு மாதிரியின் வீச்சை இன்னொன்றின் சராசரியோடு வகுக்காதீர்கள். அடுத்து, விமான நிலைய அறிக்கைகளில் வீச்சு சராசரியைவிட 10 நாட் கூடினால்தான் பொதுவாகக் குறிப்பிடுவார்கள். வீச்சு எழுதப்படவில்லை என்பதால் காற்று சீராக வீசுகிறது என்று பொருளில்லை.

படி 5: திசை

காற்று எங்கிருந்து வருகிறதோ அதுதான் அதன் திசை. வடக்கிலிருந்து வரும் வாடையும் தெற்கிலிருந்து வரும் தென்றலும் நமக்கு அப்படித்தான் பழக்கம். பாகையில் வடக்கு 360, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. ஆனால் செயலிகளில் உள்ள அம்புக்குறி பெரும்பாலும் காற்று போகும் பக்கத்தைக் காட்டும். ‘தெற்கு’ என்று எழுதி அம்பு மேல்நோக்கி இருந்தால் முரண்பாடு எதுவும் இல்லை. வானிலை வரைபடத்தில் வரும் இறகுக் குச்சி இதற்கு மாறானது: இறகுள்ள முனை காற்று வரும் பக்கத்தில் இருக்கும். அரை இறகு 5 நாட், முழு இறகு 10 நாட், முக்கோணக் கொடி 50 நாட்.

இப்போது உங்கள் இடத்தை ஒரு தாளில் வரையுங்கள். நடுவே நீங்கள், சுற்றிலும் எட்டுத் திசைகள். ஒவ்வொரு திசையிலும் என்ன நிற்கிறது என்று குறியுங்கள்: கட்டடம், தோப்பு, குன்று, வெட்டவெளி, நீர்ப்பரப்பு. ஒரு தடைக்குப் பின்னால், காற்று போகும் பக்கத்தில், அதன் உயரத்தைப் போல 15 முதல் 20 மடங்கு தொலைவு வரை காற்று கலங்கியே இருக்கும். 10 மீட்டர் கட்டடம் என்றால் 150 முதல் 200 மீட்டர். அந்தப் பகுதியில் சராசரி வேகம் குறையும், சுழல் கூடும். மறைவு என்று நம்பி ட்ரோனையோ பாரா கிளைடரையோ இறக்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். இரண்டு உயரமான கட்டடங்களுக்கு இடையிலான சந்தும், குன்றுகளுக்கு நடுவிலுள்ள கணவாயும் நேர் எதிர்: காற்று நெருக்கப்பட்டு, முன்னறிவிப்பைவிட வேகமாகப் பாயும். இந்தப் படம் கையில் இருந்தால், திசை என்ற எண் உடனே பொருள் பெற்றுவிடும். ‘மேற்கு 20’, ‘கிழக்கு 20’ இரண்டும் உங்கள் இடத்தில் ஒன்றல்ல என்பது கண்ணெதிரே தெரியும்.

வேகம் 5, 6 கி.மீ.க்குக் கீழே இருக்கும்போது திசையை நம்பாதீர்கள். அது எப்படியும் அலையும்.

மிதிவண்டிக்காரர்களுக்கு ஒரு கணக்கு. 20 கி.மீ. எதிர்க்காற்றில் 20 கி.மீ. வேகத்தில் போனால் உடலில் படுவது 40 கி.மீ. காற்று; அதன் தடை நான்கு மடங்கு. திரும்பும்போது முதுகுக் காற்று உதவும், ஆனால் இழந்த நேரம் முழுதும் திரும்பக் கிடைக்காது. முடிந்தால் களைப்பில்லாத முதல் பாதியை எதிர்க்காற்றுக்கு ஒதுக்குங்கள்.

படி 6: எந்த மாதிரி, எத்தனை நாள்

விண்டி, விண்ட்குரு போன்ற தளங்கள் சொந்தமாக வானிலையைக் கணிப்பதைவிட, முதன்மையாக உலக மையங்களின் மாதிரிகளையே காட்டுகின்றன. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் ஏறத்தாழ 13 கி.மீ. கட்டங்களாக உலகைப் பிரிக்கிறது. ஐரோப்பிய மையத்தின் மாதிரி 9 கி.மீ.; ஜெர்மனியின் ஐகான் 13 கி.மீ. இப்படி ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும் இரண்டு கிலோமீட்டர் அகலக் குன்று இவற்றைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. கரையோரத்தில் உங்கள் கட்டம் கடலாகக் கணக்கில் இருக்கிறதா, நிலமாக இருக்கிறதா என்பதே எண்ணை மாற்றிவிடும். பிரான்சின் அரோம், அமெரிக்காவின் எச்ஆர்ஆர்ஆர் போன்ற 1 முதல் 3 கி.மீ. வட்டார மாதிரி உங்கள் பகுதிக்குக் கிடைத்தால், அடுத்த ஒன்றிரண்டு நாளுக்கு அதையே முதலில் பாருங்கள்.

குறைந்தது இரண்டு மாதிரிகளை அருகருகே வையுங்கள். ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். மோதினால் மோசமானதை வைத்துத் திட்டமிடுங்கள். சராசரி எடுக்காதீர்கள்: ஒன்று காலை 10 மணிக்கும் மற்றொன்று மதியம் 2 மணிக்கும் காற்று எழும் என்றால், நடுவிலுள்ள 12 மணியை இருவருமே சொல்லவில்லை. ஐரோப்பிய மையம் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி 50 முறை இணையாக ஓட்டும் குழும முன்னறிவிப்பும் கிடைக்கிறது. ஓர் ஓட்டத்துக்கு ஒரு கோடு என்று வரையும் அந்தப் படத்தில் எத்தனை கோடுகள் உங்கள் வரம்பைத் தாண்டுகின்றன என்று பாருங்கள். ஐந்து நாளுக்கு அப்பால் காற்று பலமா, மந்தமா என்பதற்கு மேல் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 7: நாளின் போக்கு

கடலோரத்தில் வெயில் ஏறியதும் நிலம் கடலைவிடச் சூடாகி, முற்பகலிலோ நண்பகலிலோ கடற்காற்று உள்ளே நுழையும். பிற்பகலில் உச்சம் தொட்டு மாலையில் அடங்கும். நிலத்திலிருந்து கடல் நோக்கிப் பலமான காற்று ஏற்கெனவே வீசினால் அது தாமதமாகும், அல்லது வராமலே போகும். மலைப்பகுதியில் பகலில் சரிவின் மேல்நோக்கியும் இரவில் பள்ளத்தாக்கை நோக்கியும் வீசும்.

சமவெளியில் கவனிக்க வேண்டியது காலை நேரம். இரவில் தரை குளிர்ந்ததும் கீழ்க்காற்று மேல்காற்றோடு தொடர்பு அறுந்து அடங்கிவிடும். மேலே சில நூறு மீட்டரில் காற்று வழக்கத்தைவிட வேகமாகவும் ஓடக்கூடும். விடிந்து சில மணி நேரம் கழித்துக் கலக்கம் தொடங்கியதும் அது ஒரேயடியாக இறங்கும். இதை முன்கூட்டியே அறிய, செயலியில் உயரத்தை 925 ஹெக்டோபாஸ்கல் (உயரத்தைக் காற்றழுத்தத்தால் குறிக்கும் அலகு) என்று மாற்றுங்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர். அங்கே 50 கி.மீ. ஓடினால், பகலில் அதையொட்டிய வீச்சு உங்களிடம் வரலாம்.

ஓர் உதாரணம். திறந்தவெளியில் கூடாரம் அடிக்க வேண்டும். உங்கள் வரம்பு, வீச்சு 30 கி.மீ. முன்னறிவிப்பு இப்படி இருக்கிறது: காலை 6 மணிக்கு வடமேற்கு 5, வீச்சு 9. 9 மணிக்கு வடமேற்கு 11, வீச்சு 24. 12 மணிக்கு மேற்கு 17, வீச்சு 38. 3 மணிக்குத் தென்மேற்கு 20, வீச்சு 36. மாலை 6 மணிக்குத் தெற்கு 12, வீச்சு 17. சராசரியை மட்டும் பார்த்தால் நாள் முழுதும் வேலை செய்யலாம் என்று தோன்றும். 9 மணிக்கே விகிதம் 2ஐத் தாண்டிவிட்டது. மேல்காற்று இறங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். 24 இன்னும் வரம்புக்குள்தான், ஆனால் அது ஏறிக்கொண்டிருக்கும் எண். திசையும் வடமேற்கிலிருந்து தென்மேற்குக்குத் திரும்புகிறது: வடமேற்கில் கட்டடம் ஏதும் இருந்தால், அது காலையில் தந்த மறைவு பிற்பகலில் கிடைக்காது. ஆகவே 8 மணிக்குள் சட்டகம் நின்று கயிறுகள் கட்டப்பட்டிருக்க வேண்டும். முடியாவிட்டால் மாலை 5 மணிக்கு மேல். கயிற்றைத் தென்மேற்குப் பக்கத்துக்கும் சேர்த்தே கட்டுங்கள்.

படி 8: இடி குறியீடு இருந்தால் கணக்கு மாறும்

‘காற்று 12 கி.மீ., இடியுடன் கூடிய மழை’ என்று வந்தால் அந்த 12, மேகத்துக்கு வெளியே உள்ள காற்று. இடிமேகத்திலிருந்து மழையோடு குளிர்ந்து விழும் காற்று தரையில் மோதி எல்லாப் பக்கமும் சிதறும். அதன் விளிம்பு மழைக்கு வெகு முன்னதாகவே, பல கிலோமீட்டர் தள்ளி வந்து சேரும். 60, 80 கி.மீ. வீச்சு அரிதல்ல, அதற்கு மேலும் போகும். புழுக்கத்தில் காற்று திடீரென்று நின்று, பிறகு குளிர்ந்த காற்று வேறு திசையிலிருந்து மோதினால், அல்லது தாழ்வான கருமேகச் சுவரின் கீழே புழுதி எழுந்து நகர்ந்தால், சில நிமிடங்களே இருக்கின்றன. இடி கேட்டதுமே வேலையை நிறுத்துங்கள். நீரில் இருந்தால் கரை ஏறுங்கள். அந்த நாளில் சராசரி எண்ணை விட்டுவிட்டு ரேடார் படத்தைப் பாருங்கள்.

படி 9: களத்தில் பத்து நிமிடம், பிறகு குறிப்பேடு

போய்ச் சேர்ந்ததும் உடனே தொடங்காதீர்கள். பத்து நிமிடம் காற்று வரும் பக்கம் முகம் திருப்பி நில்லுங்கள். ஏரியிலோ கடலிலோ வீச்சு வருவது கண்ணுக்கே தெரியும்: நீர்ப்பரப்பில் கருத்த சிற்றலைத் திட்டு ஒன்று உங்களை நோக்கி நகர்ந்து வரும். தோப்பில் இலைகள் புரண்டு வெளிறிய அடிப்பக்கம் காட்டும் கோடு ஒன்று மரத்துக்கு மரம் தாவி வரும். ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் எத்தனை விநாடி, அது வரும்போது திசை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள்.

கையில் பிடிக்கும் காற்றுவேகமானி இருந்தால் தலைக்கு மேலே, உடல் மறைக்காதபடி நீட்டி இரண்டு நிமிடமாவது பிடியுங்கள். திறந்த வெளியில் அந்த எண்ணை 1.3 ஆல் பெருக்கினால் முன்னறிவிப்பின் 10 மீட்டர் எண்ணோடு ஒப்பிடலாம்.

குறிப்பேட்டில் தேதி, மணி, முன்னறிவித்த சராசரி, வீச்சு, திசை; பக்கத்தில் நீங்கள் கண்டது. ஒரு வரி போதும். பக்கங்களைத் திசைவாரியாகப் பிரியுங்கள், தேதிவாரியாக வேண்டாம்: மேற்குக் காற்றுக்கு ஒரு பக்கம், தெற்குக்கு ஒரு பக்கம். ஒரு பருவம் முழுக்க எழுதினால், மேற்குக் காற்று எப்போதும் சொன்னதில் பாதிதான் வருகிறது, தெற்குக் காற்று சொன்னதைவிடக் கூடுதலாக வருகிறது என்பது போன்ற ஒழுங்கு தெரியத் தொடங்கும். பருவம் மாறினால் தனியாக எழுதுங்கள், ஏனென்றால் இலையுதிர்ந்த தோப்பு காற்றை முன்போல் தடுக்காது. அருகில் புதிய கட்டடம் எழுந்தாலோ மரங்கள் வெட்டப்பட்டாலோ அந்தத் திசைக்குரிய பக்கத்தை மட்டும் மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.